காப்பி என்ன குற்றம் செய்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில், ஆங்கில இலக்கணச் சொற்கள் எப்படிப் பிறந்தன என்று வாராவாரம் ஒரு பெட்டிச் செய்தி போடுகிறீர்கள். விடாமல் படிக்கிறேன். போன வாரம் 'அக்யூசேட்டிவ் கேஸ்' வந்தது. நம் இரண்டாம் வேற்றுமைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. நீங்கள் கொடுத்த விளக்கத்தின் சாரம் இது: வாக்கியம் ஒரு நீதிமன்றம், வினைச்சொல் நீதிபதி, அவர் செயப்படுபொருளைக் கூண்டில் ஏற்றிக் குற்றம் சாட்டுகிறார், ரோமானியர்கள் சட்டத்தில் ஊறியவர்கள், அதனால் இலக்கணத்துக்கும் நீதிமன்றச் சொல்லையே வைத்துவிட்டார்கள்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுவல்ல.

முதலில் ஒரு தொழில்முறை ஆட்சேபணை. நான் பெஞ்ச் கிளார்க்காக வேலை பார்த்து, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். எந்த நீதிபதியும் குற்றம் சாட்டி நான் பார்த்ததில்லை. சாட்டுவது போலீசும் அரசுத் தரப்பும். அதை முறைப்படி எழுத்தில் வனைந்து, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, படித்துக் காட்டி, 'ஒப்புக்கொள்கிறாயா' என்று கேட்பதுதான் நீதிபதியின் வேலை. கதை சொல்வதானாலும் ஆளை மாற்றிச் சொல்லக் கூடாது அல்லவா?

உங்கள் பெட்டிச் செய்தியை எனக்கு முதலில் காட்டியது என் பேத்தி. நர்சிங் முடித்துவிட்டு, ஜெர்மனிக்குப் போவதற்காக ஜெர்மன் மொழி படிக்கிறாள். அவர்கள் மொழியில் இந்த வேற்றுமை தெரியாமல் ஒரு வாக்கியம் நகராது. 'காப்பி' என்பது எழுவாயாக வந்தால் அதன் முன்னால் 'டெர்' என்று வரும். 'நான் காப்பியைக் குடிக்கிறேன்' என்றால் அந்த 'டெர்' 'டென்' ஆகிவிடும். அவள் பேப்பரை மடக்கி என் முன்னால் வைத்துவிட்டு, "காப்பி என்ன குத்தம் பண்ணுச்சு தாத்தா?" என்றாள். நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பள்ளி வயதில் சில வருடம், கத்தோலிக்கக் குருவாக விரும்பும் சிறுவர்கள் படிக்கும் இளங்குருமடத்தில் இருந்தேன். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் எங்களுக்கு லத்தீன் கட்டாயம். 'ரோசா, ரோசே, ரோசே, ரோசாம்' என்று வராந்தாவில் நடந்துகொண்டே ஒப்பிப்போம். அந்த வரிசையில் நான்காவதாக வருவதுதான் 'அக்குசாத்தீவுஸ்'. தமிழ் வகுப்பிலோ நான்காம் வேற்றுமை என்றால் 'கு'. லத்தீனில் நாலு நம் இரண்டு. லத்தீனில் மூன்று நம் நாலு. இந்தக் குழப்பத்தில் அடி வாங்காத பையன் எங்கள் வகுப்பில் கிடையாது. குருமடத்தை விட்டு வந்துவிட்டேன். லத்தீன் மட்டும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பெயர் ரோமில் பிறந்ததே அல்ல. அது ஒரு மொழிபெயர்ப்பு. மூலம் கிரேக்கம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டயோனீசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் சிறிய கிரேக்க இலக்கண நூலில் ஐந்து வேற்றுமைகள் சொல்லப்படுகின்றன. நிமிர்ந்தது, இனத்துக்கு உரியது, கொடுப்பதற்கு உரியது, 'ஐத்தியாத்திகே', அழைப்பதற்கு உரியது. நான்காவதை மட்டும் நான் மொழிபெயர்க்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. வழக்கு முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான்.

'ஐத்தியா' என்றால் கிரேக்கத்தில் காரணம். அதே சொல்லுக்குப் பழி, குற்றச்சாட்டு என்ற பொருளும் உண்டு. இது விநோதம் ஒன்றும் இல்லை. நம் வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் "இதுக்கெல்லாம் யார் காரணம்?" என்று ஒருவர் குரலை உயர்த்துவார். அவர் தத்துவ விசாரணை செய்யவில்லை, பழி போட ஆள் தேடுகிறார் என்று எல்லோருக்கும் புரியும். காரணமும் பழியும் ஒட்டிப் பிறந்தவை. அந்த 'ஐத்தியா'விலிருந்து ஒரு பக்கம் 'குற்றம் சாட்டு' என்ற வினை வந்தது. இன்னொரு பக்கம் 'ஐத்தியாத்தோன்' என்ற சொல் வந்தது. ஒரு காரணத்தால் விளைந்தது, ஒன்றால் ஆக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். அரிஸ்டாட்டில் காரணம், காரியம் என்று பிரித்துப் பேசும் இடத்தில் காரியத்துக்கு இந்தச் சொல்லைத்தான் ஆள்கிறார்.

'ஐத்தியாத்திகே' இந்த இரண்டில் எதிலிருந்து வந்தது? 1836இல் டிரெண்டலென்பர்க் என்ற ஜெர்மன் அறிஞர், அரிஸ்டாட்டிலில் தோய்ந்தவர், அது 'ஐத்தியாத்தோன்' என்பதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அதாவது, வினையால் விளைந்த பொருளைக் காட்டும் வேற்றுமை. குயவன் வனைகிறான், விளைவது குடம். அந்தக் குடத்துக்கு உரிய வேற்றுமை. இந்த விளக்கம்தான் பிறகு பெரும்பாலான லத்தீன், கிரேக்க இலக்கணப் புத்தகங்களில் ஏறியது. ஆங்கில அகராதிகள் பலவும் இதையே சொல்கின்றன.

எதிர்க்கட்சியும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்து பெயர்களில் 'கொடுப்பதற்கு உரியது', 'அழைப்பதற்கு உரியது' என்ற இரண்டும் ஒரு மாதிரி வினையை வைத்து ஏற்பட்டவை. 'கொடு' என்றால் யாருக்கு என்று கேட்க வேண்டும். 'அழை' என்றால் விளி. அதேபோல 'குற்றம் சாட்டு' என்ற வினையையும் மாதிரியாக எடுத்துக்கொண்டிருக்கலாமே, கிரேக்கத்தில் குற்றம் சாட்டப்படுகிறவன் இந்த வேற்றுமையில்தானே வருகிறான் என்பது அவர்கள் வாதம். வலுவில்லாத வாதம் என்று தள்ள மாட்டேன். ஆனால் பார், அடி, நேசி, கட்டு, வெட்டு என்று ஊரில் உள்ள வினையெல்லாம் இந்த வேற்றுமையைக் கேட்கும்போது, குற்றம் சாட்டுவதைத் தேடிப் பிடித்து ஏன் மாதிரியாக வைக்க வேண்டும்? என் ஓட்டு டிரெண்டலென்பர்குக்குத்தான்.

எந்தக் கட்சி சரியானாலும், உங்கள் கதை மட்டும் நிற்காது. பெயர் வைத்தவர்கள் கிரேக்கர்கள். ரோமானியரின் சட்டப் பித்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டாவது கட்சியை ஏற்றாலும் அதில் வினைச்சொல் நீதிபதியும் இல்லை, செயப்படுபொருள் கைதியும் இல்லை. 'குற்றம் சாட்டு' என்பது ஒரு எடுத்துக்காட்டு வினை, அவ்வளவுதான்.

அப்புறம் வார்ரோ. கி.மு. 116 முதல் 27 வரை வாழ்ந்த ரோமானிய அறிஞர். லத்தீன் மொழியைப் பற்றி 25 பகுதிகளாக ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் 6 பகுதிகள்தான், அதுவும் இடையிடையே சிதைந்து, நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் அவர் 'கொடுக்கும் வேற்றுமை', 'அழைக்கும் வேற்றுமை', 'குற்றம் சாட்டும் வேற்றுமை' என்று எழுதுகிறார். இதில் கடைசிதான் பின்னால் 'அக்குசாத்தீவுஸ்' என்று நிலைத்து, பிரெஞ்சு வழியாகவும் நேராகவும் ஆங்கிலத்துக்குப் போனது. வார்ரோ கிரேக்கச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று கிண்டல் செய்யாத இலக்கணப் பேராசிரியர் குறைவு.

எனக்கு அந்த மனிதர் மேல் இரக்கம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் தினம் தினம் பார்த்த ஒரு சொல் அவர் பக்கம் சாட்சி சொல்கிறது. காலையில் நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் அன்றைய வழக்குகளின் பட்டியலை ஒட்டுவோம். அதற்கு 'காஸ் லிஸ்ட்' என்று பெயர். அதில் உள்ள 'காஸ்' என்பதற்குக் காரணம் என்று பொருள் எடுத்தால் 'காரணப் பட்டியல்' என்று உளறலாக வரும். அங்கே அதன் பொருள் வழக்கு. சிவில் வழக்கில் பிராது எழுதும்போது 'காஸ் ஆஃப் ஆக்‌ஷன்' என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். தமிழில் 'வழக்கு மூலம்' என்போம், பழைய வக்கீல்கள் 'வியாஜ்ஜிய மூலம்' என்பார்கள். அங்கே அதே சொல்லுக்குக் காரணம் என்று பொருள். இரண்டுக்கும் வேர் 'கௌசா' என்ற ஒரே லத்தீன் சொல். காரணம், வழக்கு என்ற இரண்டு பொருளும் அதற்கு ரோமிலேயே உண்டு.

இனி 'அக்குசாரே' என்ற லத்தீன் வினையைப் பிரித்துப் பாருங்கள். 'அத்' என்ற முன்னொட்டும் 'கௌசா'வும் சேர்ந்ததுதான் அது. ஒருவனை வழக்குக்கு இழுப்பது, கணக்குக் கேட்பது. கிரேக்கத்தில் 'ஐத்தியா' இரட்டைப் பொருள் உள்ள சொல். அதற்கு லத்தீனில் சரியான ஜோடி, அதே இரட்டைப் பொருள் உள்ள 'கௌசா'. வார்ரோ வேர்ச்சொல்லைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். ஆனால் 'கௌசா'விலிருந்து வினை செய்யப் போகும்போது, லத்தீனில் தயாராகக் கையில் இருந்தது 'அக்குசாரே'. அதில் காரணம் என்ற பொருள் தேய்ந்து வழக்கு மட்டும் மிஞ்சியிருந்தது. மொழிபெயர்ப்பு வேலையில் கை வைத்த எவருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். சாட்சி வாக்குமூலத்தைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொல்லும்போது இதே பள்ளத்தில் எத்தனை பேர் விழுந்து நான் பார்த்திருக்கிறேன்!

பின்னால் வந்தவர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் லத்தீன் கற்பித்த பிரிசியன் தன் பெரிய இலக்கண நூலில் 'அக்குசாத்தீவுஸ்' என்று சொல்லிவிட்டு, 'அல்லது கௌசாத்தீவுஸ்' என்று இன்னொரு பெயரும் தருகிறார். இந்த இரண்டாவது பெயர் மட்டும் வழக்கில் நின்றிருந்தால் உங்கள் பெட்டிச் செய்தியில் நீதிபதிக்கு வேலையே இருந்திருக்காது. ஐரோப்பியப் பள்ளிகளில் நூற்றாண்டுக் கணக்காக லத்தீன் படிக்க வைத்த புத்தகம் பிரிசியனுடையது. ஆனாலும் மாணவர்கள் வாயில் நின்றது குற்றச்சாட்டுதான்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதும் வேடிக்கை. ரஷ்ய மொழியில் இந்த வேற்றுமைக்கு 'வினீத்தெல்னி' என்று பெயர். குற்றத்தைக் குறிக்கும் 'வினா' என்ற சொல் அதற்குள் இருக்கிறது. அந்த 'வினா'வுக்கும் பழைய காலத்தில் காரணம் என்ற பொருள் இருந்தது. அங்கேயும் அதே இரட்டைக் குழந்தைகள். ஆர்மேனிய மொழியில் இதன் பெயர் 'வேண்டிக் கேள்' என்ற வினையிலிருந்து வருகிறது. கிரேக்கத்தில் 'கேள்' என்பதற்கு உரிய வினையும் இந்த 'ஐத்தியா' போலவே ஒலிக்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், பெயர் எப்படி அங்கே போயிருக்கும் என்று ஊகிக்கலாம். ஜெர்மானியர்களிடம் 'அக்குசாட்டிவ்' தவிர 'வென்ஃபால்' என்று ஒரு சொந்தப் பெயரும் இருக்கிறது. 'வென்' என்றால் 'யாரை'. யாரை என்று கேட்டால் பதிலாக வருவது. குற்றமும் இல்லை, காரணமும் இல்லை. என் பேத்திக்கு இதுதான் பிடித்தது.

'ஃபால்' என்று சொன்னேனே, அதற்கு ஜெர்மனில் விழுதல் என்று பொருள். வேற்றுமைக்கும் அதே சொல். ஆங்கிலத்தில் 'கேஸ்' என்பதும் அதுதான்: லத்தீன் 'காசுஸ்', விழுகை. கிரேக்கர் 'ப்தோசிஸ்' என்றதை ரோமானியர் சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்கள். பெயர்ச்சொல் நிமிர்ந்து நின்றால் எழுவாய், சாய்ந்து விழுந்தால் மற்ற வேற்றுமைகள் என்பது படம். இதில் பழங்காலத்திலேயே ஒரு சண்டை. நிமிர்ந்து நிற்பதை விழுந்தது என்று எப்படிச் சொல்வது, எழுவாயை வேற்றுமைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தவர்கள் கேட்டார்கள். ஸ்டோயிக் என்ற இன்னொரு கிரேக்கத் தத்துவப் பள்ளியார் சொன்ன பதிலை, அரிஸ்டாட்டிலுக்கு உரை எழுதிய அலெக்சாந்திரியாவின் அம்மோனியஸ் பதிவு செய்திருக்கிறார்: சொல் மனத்தில் உள்ள எண்ணத்திலிருந்து விழுகிறது, எழுத்தாணியை மேலிருந்து போட்டால் அது செங்குத்தாகக் குத்தி நிற்பது உண்டு, அதுவும் விழுந்ததுதானே! ஸ்டோயிக் தலைவர்களில் ஒருவரான கிரிசிப்பஸ் ஐந்து வேற்றுமைகளைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதியதாகப் பட்டியல் இருக்கிறது. நூல் போய்விட்டது.

இங்கே உங்கள் பெட்டிச் செய்தியில் ஒரே ஒரு இடம் தற்செயலாகச் சரியாக இருக்கிறது. நீதிமன்றக் 'கேஸ்' என்பதும் இலக்கணக் 'கேஸ்' என்பதும் ஒரே சொல்தான். ஒருவருக்கு நேர்ந்தது, வந்து விழுந்தது என்ற பொருளிலிருந்து நீதிமன்றத்துக்கு வந்தது. அரசு ஊழியர்கள் எடுக்கும் 'கேஷுவல் லீவு'கூட அந்த வீட்டுப் பிள்ளைதான், எதிர்பாராமல் வந்து விழும் காரியத்துக்கு எடுப்பது. ஆனால் வக்கீல் கேஸ் கட்டைச் சூட்கேஸில் வைத்துக்கொண்டு வந்தால், அந்த இரண்டாவது 'கேஸ்' வேறு. அது பெட்டியைக் குறிக்கும் 'கப்சா' என்ற சொல்லின் வழி வந்தது. உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள்.

இனி நம் பக்கம். தமிழில் இந்த வேற்றுமைக்குப் பெயர் வைத்தவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று உங்கள் பெட்டியில் ஒரு வரி இருந்திருக்கலாம். 'வேற்றுமை தாமே ஏழென மொழிப' என்று தொடங்குகிறார் தொல்காப்பியர், விளியைச் சேர்த்து எட்டு என்கிறார். பிறகு பெயர்களை அடுக்குகிறார்: 'பெயர் ஐ ஒடு கு இன் அது கண் விளி'. அவ்வளவுதான். உருபே பெயர், வரிசை எண்ணே பெயர். இரண்டாவது வேற்றுமை 'ஐ எனப் பெயரிய வேற்றுமை'. அதில் காரணமோ பழியோ எதுவும் இல்லை.

பொருள் சொல்லும் இடம் தனியாக வருகிறது. அங்கே காப்பு, ஒப்பு, ஊர்தி, இழை, ஓப்பு என்று தொடங்கி 28 செயல்களைச் சொல்கிறார், இவற்றையும் இவை போன்றவற்றையும் சார்ந்து 'ஐ' வரும் என்று. அந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஏழாவதாக நிற்பது 'பழி'. அதற்கு முந்தியது 'புகழ்'. ஊரைப் பழித்தாலும் 'ஐ', புகழ்ந்தாலும் 'ஐ'. கொஞ்சம் தள்ளிப் போனால் 'ஆக்கல்' இருக்கிறது. காதலும் வெகுளியும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டாகச் சண்டை போடும் இரண்டு கட்சிகளும், பழி ஒன்று ஆக்கல் ஒன்று, இந்த 28க்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டில் எதையும் அவர் வேற்றுமைக்குப் பெயராக்கவில்லை.

நன்னூலார் இந்தப் பட்டியலைச் சுருக்கி 'ஆக்கல் அழித்தல் அடைதல் நீத்தல் ஒத்தல் உடைமை ஆதி' என்று ஆறாக்கினார். அதில் முதல் இடம் ஆக்கலுக்கு. 'குடத்தை வனைந்தான்' என்பது வகுப்பில் எல்லோரும் படித்த உதாரணம். டிரெண்டலென்பர்க் சொல்லும் கிரேக்க மூலப்பொருள் அப்படியே இதுதான். தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் இன்னும் கறாராகச் செயப்படுபொருளை மூன்றாகப் பிரித்தார்: இயற்றப்படுவது, வேறுபடுக்கப்படுவது, எய்தப்படுவது. வடமொழி இலக்கண மரபிலும் இதே மூன்று உண்டு. கோட்டையைக் கட்டினால் கோட்டை இயற்றப்படுகிறது. கயிற்றை அறுத்தால் கயிறு வேறுபடுகிறது. ஊரை அடைந்தால் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை, நாம் போய்ச் சேர்ந்தோம், அவ்வளவே. இதை வைத்துப் பார்த்தால் 'விளைந்த பொருளின் வேற்றுமை' என்ற கிரேக்கப் பெயரும் மூன்றில் ஒரு பங்கைத்தான் சொல்கிறது. காப்பியைக் குடிப்பதில் காப்பி விளையவில்லை, தீர்ந்துபோகிறது.

எங்கள் நீதிமன்றத் தமிழில் ஒரு வாசகம் உண்டு: 'எதிரியின் மீது குற்றச்சாட்டு வனையப்பட்டது'. குடத்துக்கு உரிய அதே வனைதல். எந்தப் புண்ணியவான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாரோ, அவர் நன்னூல் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். 'குற்றச்சாட்டை வனைந்தார்' என்று எழுதினால் அதில் ஆக்கலும் இருக்கிறது, பழியும் இருக்கிறது. இரண்டு கட்சியும் ஒரே வாக்கியத்தில் சமரசம் ஆகிவிடும்.

இதைச் சொல்வதால் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள், கிரேக்கர்கள் மட்டம் என்று கொடி பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எண்ணால் பெயர் வைப்பதிலும் தொல்லை உண்டு. ஐந்தாம் வேற்றுமை எது, ஏழாம் வேற்றுமை எது என்று இன்று ஒரு பட்டதாரியை எழுப்பிக் கேளுங்கள், விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார். 'கொடுக்கும் வேற்றுமை' என்றால் நினைவில் நிற்கும்.

இந்த லத்தீன் பெயர்கள் தமிழோடு வந்து ஒட்டிக்கொண்டது எங்கள் பக்கத்துக் கடற்கரையில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் நடுவில், முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி என்றிக்கே என்றிக்கஸ் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். புன்னைக்காயலில் உட்கார்ந்து, பரதவர் பேச்சைக் காதால் கேட்டு, தமிழ்ப் பெயர்ச்சொல்லை நோமினாத்தீவோ, ஜெனித்தீவோ, தாத்தீவோ, அக்குசாத்தீவோ என்று லத்தீன் சட்டத்துக்குள் அடுக்கினார். வார்ரோ கிரேக்கத்திலிருந்து பெயர்த்த அந்தப் பெயர், 1500 வருடத்துக்கு மேல் கழித்து நம் 'ஐ' உருபின் தலையில் வந்து உட்கார்ந்தது இப்படித்தான். வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் லத்தீனில் எழுதப்பட்டு 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. 1856இல் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தபோது இந்தப் பெயர்கள் ஆங்கில உடையில் நிரந்தரமாகிவிட்டன. இன்று மொழியியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளை 'ஐ'யை 'அக்யூசேட்டிவ் மார்க்கர்' என்றுதான் எழுதுகிறது. எழுதட்டும். உலகம் முழுக்கப் புரியும் பெயர் வேண்டும்தான்.

என் வேண்டுகோள் சின்னது. நினைவில் நிற்பதற்காக ஒரு கதை கட்டினால், 'இது நினைவுக்காகச் சொல்லும் கதை' என்று ஒரு வரி போடுங்கள். 'சொல் பிறந்த கதை' என்று தலைப்புப் போட்டுவிட்டு அதைக் கொடுத்தால் பிள்ளைகள் வரலாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். தேர்விலும் எழுதுவார்கள், திருத்துகிறவரும் அதையே படித்திருந்தால் மதிப்பெண்ணும் போடுவார். இடம் இருந்தால் கிரேக்க மூலத்தைப் பற்றிய திருத்தத்தையும், அதன் பக்கத்தில் செயப்படுபொருள் என்ற நம் சொல்லையும் வெளியிடக் கோருகிறேன்.

அடுத்த வாரம் 'ஜெனிட்டிவ்' என்று அறிவித்திருக்கிறீர்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை. அந்தப் பெயரில் பிறப்பு என்ற பொருள் தெரியும், உடனே தாய், பிள்ளை என்று ஒரு கதை தோன்றும். வேண்டாம். கிரேக்க மூலம் 'கெனிகே'. இனம், வகை என்ற சொல்லிலிருந்து வந்தது. லத்தீனில் பெயர்க்கும்போது அது பிறப்பு ஆகிவிட்டது. 1861இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் மொழி அறிஞர் மாக்ஸ் முல்லர் இதை வெறும் தவறு என்றே சொன்னார். இதே வேற்றுமைக்குக் கிரேக்கரிடம் இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, நம் நன்னூல் ஆறாம் வேற்றுமைக்குக் 'கிழமை' என்று சொல்வது போலவே, உடைமை. இன்னொன்று, தந்தைக்கு உரியது. கிரேக்கர் ஒருவரை முழுப்பெயரால் சொல்லும்போது சோக்ராட்டீஸ் என்ற பெயருக்குப் பக்கத்தில் 'சோஃப்ரோனிஸ்கூ' என்று தந்தை பெயரை இந்த வேற்றுமையில் போடுவார்கள். சோஃப்ரோனிஸ்கசின் மகன் என்று பொருள். நாங்கள் கேஸ் கட்டில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'த/பெ' என்று எழுதுவோமே, அந்த வேலையைக் கிரேக்கத்தில் ஒரு விகுதியே பார்த்துவிடுகிறது. பெட்டிச் செய்திக்குப் படம் வேண்டுமானால் ஒரு பழைய சம்மனின் முகப்பைப் போடலாம்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற சிரஸ்தார்,
பாளையங்கோட்டை.